இரண்டு நொடி ஓசை

கோயம்புத்தூரில் உக்கடம் பக்கத்துச் சந்து ஒன்றில் பெயர்ப்பலகை இல்லாத ஆட்டோ எலக்ட்ரீசியன் கடை. ஒரு காலையில் என் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் அங்கே நிறுத்தினேன். ஒற்றை சிலிண்டர் வண்டி. நாலைந்து நாளாக செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றியது. எஞ்சின் பற்றுகிற வேகம் வரவில்லை. இரண்டு மாதம் முன்புதான் வேறொரு கடையில் புது பேட்டரி போட்டுவிட்டிருந்தார்கள். கொஞ்ச நாள் நன்றாக இருந்துவிட்டு, மறுபடி அதே இழுப்பு. கடைக்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை.

"அமுக்குங்க."

அமுக்கினேன். ஊ... உம்... ஊ... உம்.

"போதுங்க. இன்னொருக்கா. இப்ப கூடவே ஹார்னும்."

ஹார்ன் கணீரென்று அடித்தது. செல்ஃப் மட்டும் முன்போலவே முனகியது.

"பேட்டரி நல்லாருக்குதுங்க. கரண்ட்டு போற வழியில எங்கியோ அடைச்சிருக்குது" என்று சொல்லிவிட்டு மிச்ச டீயைக் குடித்தார். அதுவரை அவர் ஸ்பேனர் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

நல்ல கச்சேரி கேட்டு வந்தவர் ஒரு சங்கதியை நாள்கணக்கில் முணுமுணுப்பார் இல்லையா, அதுபோல அந்த ஒரு நிமிடத்தை நான் பல வருடமாக மனதில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதற்குள் எத்தனை சுத்தமான கணக்கு இருந்தது என்பது மெல்ல மெல்லத்தான் எனக்குப் புரிந்தது.

பேட்டரி தளர்ந்திருந்தால், செல்ஃப் மோட்டார் கரண்டை உறிஞ்சும் கணத்தில் அதன் வோல்டேஜ் மொத்தமாகச் சரியும். ஹார்ன் கரகரத்து அடங்கும். மோட்டாருக்குள் ஏதோ உரசி, அல்லது வைண்டிங் ஷார்ட்டாகி, அளவுக்கு மேல் இழுத்தாலும் அடங்கத்தான் செய்யும். ஹார்ன் தெம்பாக ஒலித்து, மோட்டார் மட்டும் தவித்தால்? பேட்டரியிடம் சரக்கு இருக்கிறது, மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை. பழைய ஆட்கள் இதையே ஹெட்லைட்டை வைத்துப் பார்ப்பார்கள். ஆனால் 2017 ஏப்ரல் முதல் வரும் வண்டிகளில் எஞ்சின் ஓடினால் ஹெட்லைட் தானாக எரிய வேண்டும் என்று சட்டம். பல வண்டிகளில் செல்ஃப் பொத்தானை அமுக்கும்போது அந்த விளக்கு வயரிங்கின் ஏற்பாட்டாலேயே அணைந்துவிடும். விளக்கு மங்கியது பேட்டரியின் குறையா, வண்டியின் குணமா என்று குழப்பம். அதனால் இவர் கண்ணை விட்டுக் காதுக்கு வந்துவிட்டார்.

செல்ஃப் எடுக்காத வண்டி போடும் சத்தங்களில் எனக்கு மிகவும் பிடித்தது டிக்-டிக்-டிக்-டிக் என்று நடுங்குகிற அந்த ஒன்று. வண்டிக்காரருக்கு அது எரிச்சல். உள்ளே நடப்பதோ அத்தனை அழகு. பொத்தானை அமுக்கியதும் ரிலேயின் காயில் காந்தமாகிக் காண்டாக்டைச் சேர்க்கிறது. மோட்டார் கரண்டைக் கேட்கிறது. தளர்ந்த பேட்டரி சரிகிறது. சரிந்த வோல்டேஜில் ரிலேயால் காண்டாக்டைப் பிடித்துக்கொள்ள முடியவில்லை, விட்டுவிடுகிறது. விட்டதும் பாரம் போய்ப் பேட்டரி நிமிர்கிறது. நிமிர்ந்ததும் ரிலே மறுபடி பிடிக்கிறது. ஒரு நொடிக்குள் இந்த இழுபறி பலமுறை. இதைக் கேட்டால் பேட்டரியையும் டெர்மினலையும் பார்க்காமல் வேறெங்கும் கைவைக்க வேண்டியதில்லை.

ஒரே ஒரு 'டக்', பிறகு மௌனம் என்றால் கதை வேறு. ரிலே பிடித்துவிட்டது, ஆனால் அதன் காண்டாக்ட் கருகியிருக்கலாம், பிரஷ் தேய்ந்து தொடாமல் நிற்கலாம், மோட்டார் இறுகியிருக்கலாம். விர்ர் என்று மோட்டார் மட்டும் சுகமாகச் சுற்றி எஞ்சின் அசையாமல் கிடந்தால் ஒன்வே கிளட்ச். அதற்கு எலக்ட்ரீசியன் வேண்டாம், மெக்கானிக்கிடம் போக வேண்டியதுதான். சத்தமே இல்லை என்றால் முதலில் சைடு ஸ்டாண்ட் ஸ்விட்ச், கிளட்ச் ஸ்விட்ச்.

இழுத்து இழுத்துச் சுற்றுவதுதான் இவற்றில் கடினமானது. ஏனென்றால் எல்லாமே வேலை செய்கிறது, குறைவாகச் செய்கிறது. இங்கே காது தாளத்தைப் பிடிக்க வேண்டும். நாலு ஸ்ட்ரோக் ஒற்றை சிலிண்டரில் கிராங்க் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை கம்ப்ரஷன் மேட்டில் ஏறி இறங்கும். மின்சாரக் கோளாறு என்றால் மேடும் சமவெளியும் சேர்ந்தே மந்தமாகும். சமவெளியில் துள்ளி ஓடி மேட்டில் மட்டும் முட்டி நின்றால், சந்தேகம் எஞ்சின் பக்கம் திரும்ப வேண்டும். சில எஞ்சின்களில் கேம் ஷாஃப்ட்டோடு ஒரு டீகம்ப்ரஸர் உண்டு. மெதுவாகச் சுற்றும்போது மட்டும் எக்ஸாஸ்ட் வால்வைத் துளி தூக்கிவிட்டு மேட்டைத் தணிக்கும். வால்வு கிளியரன்ஸ் அதிகமாகிப் போனால் அந்தத் துளி தூக்கல் இல்லாமல் போகும். புது பேட்டரி, புது ரிலே, புது மோட்டார் என்று வரிசையாகப் பணம் போயும் வண்டி முட்டிக்கொண்டே நின்ற கதைகளில் சில இந்த இடத்தில்தான் முடிந்திருக்கின்றன. வால்வு செட்டிங், அரை மணி நேர வேலை.

டீ முடிந்ததும் அவர் மல்டிமீட்டரை எடுத்தார். 20 வோல்ட் டிசி. பேட்டரியைச் சும்மா நிற்கும்போது அளந்தார்: 12.7. "இது சும்மா இருக்கறப்ப சொல்ற பேச்சுங்க. வேலை குடுத்துப் பாக்கோணும்." செல்ஃப் அமுக்கச் சொன்னார். 11-க்குக் கீழே போகவில்லை. நல்ல பேட்டரி செல்ஃப் சுற்றும்போது 10 வோல்ட்டையாவது தாங்கி நிற்க வேண்டும்.

அடுத்து அவர் செய்ததுதான் இந்தக் கலையின் உச்சம் என்று நான் நினைக்கிறேன். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் குமிழிலேயே வைத்தார். கிளாம்பில் இல்லை, ஈயக் குமிழில். மறுமுனையை எஞ்சின் கேசிங்கின் வெறும் அலுமினியத்தில். மீட்டர் 0 காட்டியது. காட்டத்தான் வேண்டும், இரண்டும் ஒரே எர்த். "இப்ப அமுக்குங்க." 1.8 வோல்ட்.

மின்சாரம் ஓடாதபோது கெட்ட ஜாயிண்ட்டும் நல்ல ஜாயிண்ட்டும் ஒன்றுதான். ஓம் மீட்டர் வைத்தாலும் பிடிபடாது, ஏனென்றால் குற்றவாளி வெறும் 0.02 ஓம் சுமார். சாதாரண மீட்டரின் வயர்களுக்கே அதைவிட அதிக ரெசிஸ்டன்ஸ் இருக்கும். ஹெட்லைட்டின் 5 ஆம்பியர் அந்த 0.02 ஓம் வழியே போனால் 0.1 வோல்ட் இழப்பு. விளக்குக்கு அது உறைக்கவே உறைக்காது. செல்ஃப் மோட்டாரின் 80 ஆம்பியர் போனால் 1.6 வோல்ட் அங்கேயே சூடாகக் கரைந்துவிடும். விளக்குக்கு ராஜபாட்டையாக இருக்கும் அதே ஜாயிண்ட், மோட்டாருக்கு ஒற்றையடிப் பாதை. ஆகவே பாரம் ஓடும்போதுதான் அளக்க வேண்டும். எர்த் பக்கம் 0.2 வோல்ட்டுக்கு மேல் தொலைந்தால், பாசிட்டிவ் பக்கம் ரிலேயையும் சேர்த்து அரை வோல்ட்டுக்கு மேல் தொலைந்தால் அவர் துருவத் தொடங்குவார். முனையைக் கிளாம்புக்கு, கேபிளுக்கு, போல்ட்டுக்கு என்று ஒவ்வொரு எட்டாக நகர்த்துவார். எந்த எட்டில் எண் விழுகிறதோ அங்கே நிற்பார். எதையும் கழற்றாமல் தேடும் இந்தப் பொறுமையைப் பார்க்கவே நான் அந்தக் கடைக்குப் பலமுறை காரணமின்றிப் போயிருக்கிறேன்.

மோட்டாரையே கழற்ற வேண்டிய நாளும் வரும். கோயம்புத்தூரில் அதைப் பார்ப்பது தனி. 1937-இல் டி. பாலசுந்தரமும் ஜி.டி. நாயுடுவும் இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்த ஊர் இது. அந்த நாயுடு இளவயதில் ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, இங்கே ஓட்டலில் சர்வர் வேலை பார்த்துப் பணம் சேர்த்து அதை வாங்கி, அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றித் திரும்பப் பூட்டியவர். அந்த விரல்களின் ஆசை இந்த ஊர்ச் சந்துகளில் இன்னும் இருக்கிறது. ஆர்மேச்சரை வெளியே எடுத்ததும் கடைக்காரர் முதலில் பார்ப்பது கம்யூட்டேட்டரின் நிறத்தை. சாக்லேட் பழுப்பு என்றால் தொடமாட்டார். கருத்துத் திட்டுத்திட்டாக இருந்தால் மெல்லிய உப்புத்தாளால் ஒரு சுற்று. எமரித்தாளை அருகிலேயே விடமாட்டார், அதன் பொடி செம்புத் துண்டுகளுக்கு நடுவே சிக்கிக் கரண்டைக் கடத்திவிடும் என்பது அவர் பயம். தேய்ந்த ஆக்சா பிளேடால் இடைவெளியிலிருக்கும் மைக்காவைக் கீறிப் பள்ளமாக்குவார். மைக்கா மேலெழுந்து நின்றால் கார்பன் பிரஷ் செம்பைத் தொடாமல் குதிக்கும். பிறகு ஆர்மேச்சரின் உடம்பில் ஒரு பக்கம் மட்டும் பளபளப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். இருந்தால் புஷ் தேய்ந்து, ஆர்மேச்சர் சாய்ந்து காந்தத்தில் உரசியிருக்கிறது.

எப்போது இழுக்கிறது என்று கேட்பதும் அவர் வழக்கம். காலைக் குளிரில் மட்டும் என்றால், குறிப்பாக ஊட்டியில் இரவு நிறுத்திய வண்டி என்றால், பேட்டரியும் கெட்டியான ஆயிலும். ஓடி வந்து பங்கில் நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து இழுத்தால் மோட்டார். செம்பு 50 டிகிரி கூடுதலாகச் சூடானால் அதன் ரெசிஸ்டன்ஸ் 20 சதவீதம் ஏறிவிடும். கடைசி மூச்சில் இருக்கும் மோட்டார் அந்த இருபதில்தான் மாட்டும்.

பொத்தானை ஐந்து நொடிக்கு மேல் அமுக்கினால் கையைத் தட்டிவிடுவார். காரணம் அந்த மோட்டாரின் பிறப்பிலேயே இருக்கிறது. அமெரிக்காவின் டேட்டனில் சார்லஸ் கெட்டரிங் முதலில் செய்தது கடைகளின் பணப்பதிவு இயந்திரத்துக்கான மோட்டார். நாள் முழுக்க ஓட வேண்டியதில்லை, கல்லா திறக்கும் ஒரு கணம் தாங்கினால் போதும். அதனால் சின்ன மோட்டாரிடம் பெரிய வேலை வாங்கலாம் என்று கண்டார். 1912-இன் கேடிலாக் கார்களில் வந்த செல்ஃப் அந்தச் சிந்தனையின் தொடர்ச்சி. 1914-இல் இந்தியன் நிறுவனம் ஹெண்டி ஸ்பெஷல் என்ற மோட்டார் சைக்கிளில் செல்ஃப் வைத்தது. அன்றைய பேட்டரிகள் தாங்கவில்லை, ஓராண்டிலேயே கைவிட்டார்கள். ஹார்லி-டேவிட்சன் தன் பெரிய வண்டிக்கு செல்ஃப் வைத்து, அதைப் பெருமையாக எலக்ட்ரா கிளைடு என்று பெயரிலேயே சேர்த்துக்கொண்டது 1965-இல்தான்.

என் வண்டியின் 1.8 வோல்ட் எர்த் கேபிளின் எஞ்சின் முனையில் ஒளிந்திருந்தது. எப்போதோ எஞ்சினுக்குப் பெயிண்ட் அடித்தவர்கள் அந்த போல்ட்டின் அடியிலும் அடித்திருந்தார்கள். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி வைத்துவிட்டு, அவர் பெயிண்டைச் சுரண்டி, வளையத்தை உப்புத்தாளில் தேய்த்து முறுக்கினார். முறுக்கிய பிறகே வேசலின் பூசினார். மறுபடி அளந்தபோது 0.1. அமுக்கினேன். உம்-உம்-உம் என்று மூன்றே சுற்று, எஞ்சின் பற்றிவிட்டது.

நான் பணம் எடுக்கும்போது ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஓரமாக நின்ற கடைப் பையனை அவர் கூப்பிட்டார். "கண்ணு, அந்தப் பக்கம் திரும்பி நில்லு. வண்டியப் பாக்காத." ஸ்கூட்டர்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். டிக்-டிக்-டிக்-டிக்.

சுவரைப் பார்த்தபடியே பையன் சொன்னான்: "பேட்டரிங்களாண்ணா?"

"எங்கிட்டக் கேக்காத. ஹார்ன் அடிக்கச் சொல்லு."