மங்கத்தம்மாளின் மகன்

யாழ்ப்பாண வைபவமாலையைக் கலாசாலை நாட்களில் பரீட்சைக்காக வாசித்தேன். பின்னர் வகுப்பில் கதை சொல்வதற்காக வாசித்தேன். அண்மையில் அதை மீண்டும் கையிலெடுக்கச் செய்தவன், விசுவமடுவில் என்னிடம் படிக்கும் ஒரு பையன். சங்கிலி பட்டத்துக்கு வந்த கதையைச் சொல்லி முடித்தபோது அவன் எழுந்து, "சேர், தாய் ராணியில்லை எண்டதாலயோ அவன் கெட்டவனா வந்தவன்?" என்று கேட்டான். உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. தகப்பனை இழந்தவர்களும், தாய் மறுமணம் செய்துகொண்ட வீடுகளில் வளர்பவர்களும் இருக்கும் வகுப்பு அது. அந்தக் கேள்வியை அவன் வாயில் வைத்தது நான் சொன்ன கதைதான்.

ஒல்லாந்தர் ஆட்சியில், 18ஆம் நூற்றாண்டில், ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் வேண்டுகோளின்படி மாதகல் மயில்வாகனப் புலவர் எழுதிய வசன நூல் வைபவமாலை. 1879இல் பிறிற்றோ அதை ஆங்கிலத்தில் பெயர்த்தார். சுவாமி ஞானப்பிரகாசர் 1928இல் வெளியிட்ட 'யாழ்ப்பாண வைபவ விமர்சனம்' அதன் வரலாற்றுச் செய்திகளைச் சோதனைக்கு உட்படுத்தியது. வைபவமாலை பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் ஆண்டுகளையும் பெயர்களையும் சுற்றியே நடந்துள்ளன. பிறப்பைக் குற்றத்தின் காரணமாக அந்நூல் எவ்வாறு காட்டுகிறது என்பதே இங்கு எனது அக்கறை.

பரராசசேகரனுக்குப் பட்டத்தரசி வயிற்றில் சிங்கவாகு, பண்டாரம் என்னும் புதல்வர். இரண்டாம் மனைவி வயிற்றில் பரநிருபசிங்கன் முதலானோர். வைப்பாகிய மங்கத்தம்மாள் வயிற்றில் சங்கிலி. சிங்கவாகு நஞ்சூட்டப்பட்டு இறக்கிறான். பண்டாரம் வெட்டுண்டு இறக்கிறான். பரநிருபசிங்கன் கண்டிக்குச் சென்றிருந்த வேளையில் சங்கிலி முடியைக் கைப்பற்றுகிறான். கொலைகளுக்கு முன்னரே தாயின் நிலை நமக்குச் சொல்லப்பட்டுவிடுகிறது. ஆகவே கொலை நிகழும்போது வாசகனுக்கு வியப்பில்லை. மங்கத்தம்மாளோ ஒரு பெயரும் ஓர் அடையாளமுமாக வந்து போகிறாள்.

ஆனால் புலவரின் கதையே இந்த விளக்கத்தைக் கவிழ்த்துவிடுகிறது. முறையான மனைவிக்குப் பிறந்த பரநிருபசிங்கனே பின்னர் காக்கை வன்னியனோடு சேர்ந்து பறங்கியரின் துணையை நாடுகிறான். பிறநாட்டாருக்குக் கதவு திறந்தவன் வைப்பின் மகன் அல்லன். இருந்தும் பழி அவன் தலையில் விழுவதில்லை.

இன்னொன்று. வரலாற்றில் சங்கிலி இருவர். முதலாமவன் 1544இல் மன்னார்க் கிறிஸ்தவர்களைக் கொன்றவன். 1560இல் போர்த்துக்கேயப் படையெடுப்பைச் சந்தித்தவன். இரண்டாமவன் 1617இல் அரச குடும்பத்தவரைக் கொன்று அதிகாரத்துக்கு வந்தவன். 1619இல் தோற்றுப் பிடிபட்டு, கோவாவில் மரண தண்டனை பெற்றவன். வைபவமாலை இருவரையும் ஒருவராக்கிவிட்டது. மறதியால் நேர்ந்த பிழையாக இருக்கலாம். ஆனால் அதன் விளைவு பெரிது. முத்துக்குளிப்பும் யானை வியாபாரமும் கடல்வழியும் போர்த்துக்கேயரை இழுத்துவந்த நீண்ட கதை மறைந்து, ஓர் இராச்சியத்தின் வீழ்ச்சி ஒரு தாயின் மடியில் போடப்படுகிறது.

இதனோடு பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதியதை வைத்துப் பார்க்கலாம். மதுரையில் மாறவர்மன் குலசேகர பாண்டியன், மணவுறவுக்கு வெளியே பிறந்த வீரபாண்டியனை வாரிசாக்க விரும்பினான். பட்டத்தரசியின் மகன் சுந்தரபாண்டியன் 1310இல் தந்தையைக் கொன்றான் என்கிறார் வஸ்ஸாப். தம்பியிடம் தோற்றபின் டில்லியின் உதவியைத் தேடியவனும் அவனே. 1311இல் மாலிக் காபூரின் படை மதுரையை அடைந்தது. யாழ்ப்பாண மன்னர் தம் பெயரோடு இணைத்துக்கொண்ட ஆரியச்சக்கரவர்த்தி என்னும் பெயரைத் தாங்கிய தளபதி, இதே குலசேகரனுக்காக யாப்பகூவாவிலிருந்து புத்தரின் தந்தத்தைக் கொண்டு சென்றவன். இங்கே வாளெடுத்தது 'நல்ல பிறப்பு'.

நமது வரலாற்றிலும் சான்று உண்டு. கலீபா ஹாரூன் அல்ரஷீத், ஸுபைதாவின் மகன் அமீனை முதலாவதாகவும், அடிமைப் பெண்ணின் மகன் மஃமூனை அடுத்தும் வாரிசாக்கி, அந்த உடன்படிக்கையைக் கஃபாவில் தொங்கவிட்டார். அதை மீறித் தன் மகனை முன்னிறுத்தியவர் அமீன். போர் மூண்டு 813இல் அவர் கொல்லப்பட்டார். கிரேக்க அறிவை அரபுக்குக் கொண்டுவந்த மொழிபெயர்ப்புப் பணிகளுக்குப் பேராதரவு அளித்தவர் மஃமூன். உரோமையிலும் நேர்வா முதலாக நான்கு பேரரசர் தத்தெடுத்தவருக்கே ஆட்சியை விட்டுச் சென்றனர். மார்க்கஸ் அவுரேலியஸ் பெற்ற மகனுக்கு விட்டார். 180இல் பட்டமேறிய கொம்மோடஸ் கொடுங்கோலன் எனப் பெயரெடுத்து, 192இல் கொலையுண்டான்.

அடுத்தவர் யார் என்பதில் எல்லோரும் ஏற்ற முறை இல்லாதபோது, அல்லது இருந்த முறையைப் பலமுள்ளவன் மீறும்போது, சகோதரர் பகைவராகின்றனர். தாய் யார் என்பது, வென்றவனையும் தோற்றவனையும் பற்றிப் பின்னால் எழுதுபவனுக்குக் கிடைக்கும் வசதியான காரணம். மயில்வாகனப் புலவர் நமக்காக ஒரு கதைக்களஞ்சியத்தையே காத்துத் தந்தவர். அந்தக் கடன் பெரிது. அதற்காக அவர் தீர்ப்பையும் சேர்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

மறுநாள் அந்தப் பையனிடம் பரநிருபசிங்கனின் கதையையும் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "அப்ப ராணியின்ர பிள்ளையளும் செய்திருக்கினம்" என்றான். இனி அந்தப் பாடத்தை இரண்டு கதைகளாகவே நடத்துவேன்.