திண்ணை என்னும் ஆடுகளம்

புல்தரையில் கம்பி வளையங்களை நட்டு, மரச் சுத்தியால் பந்தைத் தட்டி அவற்றுக்குள் செலுத்தும் ஆட்டம் குரோக்கே. 1860-களில் இங்கிலாந்தில் அது வேகமாகப் பரவியதில் விளையாட்டின் நுட்பத்துக்கு இணையான பங்கு அந்தப் புல்தரைக்கும் உண்டு. ஆணும் பெண்ணும் சரிசமமாக ஆட முடிந்தது. தன் முறை வரும்வரை நின்று பேசப் பொழுது கிடைத்தது. அந்த ஆட்டத்துக்கென்றே 1868-ல் தொடங்கிய சங்கம்தான் இன்று விம்பிள்டன் டென்னிஸ் போட்டியை நடத்துகிறது. 1877-ல் முதல் டென்னிஸ் போட்டி நடந்தபின் சில ஆண்டுகளிலேயே பழைய ஆட்டம் ஓரங்கட்டப்பட்டது. புல்தரை மட்டும் புதிய ஆட்டத்தை ஏற்றுக்கொண்டு நிலைத்தது. ஓய்வுக்கு முதலில் வேண்டியது நல்ல இடம், ஆட்டம் அதற்குப் பிறகுதான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. நம்மிடம் அப்படியோர் இடம் திண்ணையாக இருந்தது. அதன் அருமையைப் பார்க்க ஸ்ரீரங்கத்து உத்திர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் மிச்சமிருக்கும் பழைய வீடுகளின் முன் சற்று நின்றால் போதும்.

திருச்சி வெயிலில் திறந்த புல்வெளியில் யாரும் உட்கார முடியாது. இங்கே ஓய்வு நிழலைத் தேடும், குளிர்ந்த தரையைத் தேடும். கொத்தனார்கள் அதையறிந்தே கட்டினார்கள். ஓட்டுச் சாய்ப்பு தாழ இறங்கி உச்சி வெயிலைத் தடுக்கும். தேய்த்து மெருகேற்றிய தரை வெறும் உடம்புக்கு இதமாக இருக்கும்; மழைச்சாரல் தங்காதபடி தெருப் பக்கம் மிக லேசான வாட்டம் கொடுத்திருப்பார்கள். சுவரோரம் தலைமாட்டுக்குச் சாய்மானம் கட்டிவைத்த திண்ணைகளும் உண்டு. உயரத்தில்தான் கைத்திறன் முழுமையாகத் தெரிகிறது. முழங்காலுக்கு மேல், இடுப்புக்குக் கீழ் என்ற அளவில் கட்டுவதால், திண்ணையில் அமர்ந்தவரின் முகமும் தெருவில் நிற்பவரின் முகமும் ஏறத்தாழ நேருக்கு நேர் வருகின்றன. உட்கார்ந்தவர் எழ வேண்டாம், நிற்பவர் குனிய வேண்டாம். பேச்சு தானாகத் தொடங்கும். தைத்தேர் உத்திர வீதிகளிலும் சித்திரைத் தேர் சித்திரை வீதிகளிலும் வரும் நாட்களில் அதே உயரம், கூட்டத்துக்கு மேலே பெருமாளைச் சேவிக்க வாகான இடமாகிறது. அன்றாட அரட்டைக்கும் ஆண்டுத் திருவிழாவுக்கும் ஒரே மேடை பொருந்துவது கட்டியவர்களின் தேர்ச்சியையே காட்டுகிறது.

இந்தத் தரைக்கு ஏற்ற ஆட்டம் ஆடுபுலி. சுண்ணாம்புக் கட்டியோ கரித்துண்டோ இருந்தால் கட்டம் தயார். 3 புலிக்குக் கூழாங்கல், 15 ஆட்டுக்குப் புளியங்கொட்டை. புலி தாண்டி வெட்டும். ஆட்டுக்கு அந்த வலிமை இல்லை, சேர்ந்து நின்று வழியடைப்பதே அதன் பலம். ஆடுகிறவர் இருவர்தான் என்றாலும், சுற்றி நிற்கும் நாலு பேரும் யோசனை சொல்லாமல் இருப்பதில்லை. குரோக்கேயின் காத்திருப்பைப் போலவே ஆடுபுலியின் நிதானமும் பேச்சுக்கு இடம்விடுகிறது. தமிழகத்துக் கோயில்கள் பலவற்றின் மண்டபத் தரையில் இந்தக் கட்டங்கள் கல்லிலேயே கீறப்பட்டிருக்கின்றன. இங்கிலாந்தின் பழைய பேராலயங்களிலும் தாழ்வாரக் கல்லிருக்கைகளில் இதுபோன்ற ஆட்டக் கட்டங்கள் காணப்படுகின்றன. நிழலும் வழவழப்பான கல்லும் கிடைத்த இடத்தில் மனிதன் ஆடாமல் இருந்ததில்லை.

திண்ணையைப் புகழ்வது பழைய ஊரின் ஏற்றத்தாழ்வைப் புகழ்வதாகாதா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி அது. யார் உட்காரலாம், யார் தெருவோடு நின்று பேச வேண்டும் என்பதை நெடுங்காலம் சாதி முடிவுசெய்தது. பகல்நேரத் திண்ணை பெரும்பாலும் ஆண்களுடையது. பெண்களின் பல்லாங்குழியும் தாயமும் கூடத்திலும் முற்றத்திலும் நடந்தன, வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடிய பரமபதமும் வீட்டுக்குள்ளேதான். குரோக்கே பெண்களை வெளியே அழைத்தது, ஆனால் செல்வர் தோட்டத்துக்கு வெளியே நின்றவர்களை உள்ளே அழைக்கவில்லை. இரண்டிலும் குற்றம் மனிதர் வகுத்த விதியில் இருந்தது. திண்ணைக்குக் கதவில்லை, பூட்டில்லை. அதன் அமைப்பு எவரையும் ஏற்கக்கூடியது. விதியைக் களைந்துவிட்டு அமைப்பைக் காத்திருக்க வேண்டும். நாமோ தலைகீழாகச் செய்தோம்: திண்ணையை இடித்தோம், விலக்கிவைப்பதை மதிற்சுவராக உயர்த்திக் கட்டினோம்.

மனை விலை ஏறிய காலத்தில் இடத்துக்கு எங்கே போவது, பூங்கா இருக்கிறதே, திருட்டுப் பயம் வேறு என்பார்கள். காட்டூர்ப் பக்கம் தஞ்சாவூர்ச் சாலையை ஒட்டிய மனைப்பிரிவுகளில் வீட்டு முகப்பைக் காருக்கும் இரும்புக் கேட்டுக்கும் கொடுக்க நாம் தயங்கவில்லை. மூன்றடி அகலத்தில் ஓர் ஒட்டுத்திண்ணைக்கு மட்டும் இடமில்லை என்பது ஒப்பக்கூடியதல்ல. பூங்காவுக்குக் கிளம்பித்தான் போக வேண்டும். மூட்டுவலிக்காரருக்கு அதுவே பெரும்பாடு. திண்ணைக்கு வாசலைத் தாண்டினால் போதும். பாதுகாப்பைப் பொறுத்தவரை, மாலை முழுதும் ஆள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் தெருவில் புது முகம் கவனிக்கப்படாமல் போகாது. வீடு கட்டப்போகிறவர்கள் வரைபடம் போடும் நாளிலேயே பொறியாளரிடம் சொல்லுங்கள்: மதிலுக்கு வெளியே, தெருவைப் பார்த்து, நிழலோடு ஒரு திண்ணை வேண்டும். அதில் யார் வந்து உட்கார்ந்தாலும் எழுப்பாதீர்கள்.