நேயர் கட்டணமும் லயத்து வானொலியும்

பொது ஒலிபரப்புக்கு நேயர்கள் கட்டணம் செலுத்த வேண்டுமா என்னும் கேள்வி இன்று பல நாடுகளில் விவாதிக்கப்படுகின்றது. பிரிட்டனில் 1922ஆம் ஆண்டிலே பத்து ஷில்லிங்காகத் தொடங்கிய உரிமக் கட்டணம் இனியும் நீடிக்க வேண்டுமா என ஆராய்கிறார்கள், பி.பி.சி.யின் இப்போதைய சாசனம் 2027ஆம் ஆண்டின் இறுதியில் முடிவடைகிறது. இந்தியா அத்தகைய கட்டணத்தை 1980களின் நடுப்பகுதியிலேயே கைவிட்டது. இலங்கையிலும் வானொலிப் பெட்டி வைத்திருப்போர் ஆண்டுதோறும் லைசென்ஸ் எடுத்த காலம் ஒன்றிருந்தது. இன்று அது இல்லை. ஆயினும் அரச ஒலிபரப்பு ஸ்தாபனங்களின் வரவு செலவு பற்றிப் பேச்செழும்போதெல்லாம், கேட்பவனும் பார்ப்பவனுமே செலவைச் சுமக்கட்டும் என்ற யோசனையும் தலைகாட்டுகிறது.

இக்கேள்வியை நாம் சப்பிரகமுவ மாகாணத்தின் தோட்ட லயங்களில் வைத்து ஆராய விரும்புகிறோம். அதற்குக் காரணம் உண்டு. நுவரெலியாவைப் போலத் தோட்டங்கள் தொடர்ந்து செறிந்து கிடக்கும் பிரதேசமன்று இது. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, புளத்கொஹுபிட்டி, இறக்குவானை, காவத்தை, பலாங்கொடை என்று தேயிலையும் றப்பரும் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. தமிழ்த் தொழிலாளர் இங்கு எங்கும் சிறுபான்மையினர். பத்திரிகை தாமதமாக வரும். அரசாங்க அலுவலகத்திற் பெரும்பாலும் சிங்களத்திலேயே காரியம் நடக்கும். இத்தகைய இடத்தில், தாய்மொழியில் ஒலிக்கும் ஒரு குரலின் பெறுமதி நகரத்து நேயருக்கு எளிதில் விளங்காது.

இவர்கள் கட்டணம் செலுத்தவில்லை என்பது உண்மையா? 1925ஆம் ஆண்டு கொழும்பு வானொலி பிறந்தபோது இந்நாட்டின் வருமானம் எதிலிருந்து வந்தது? பெரும்பகுதி தேயிலையிலிருந்தும் றப்பரிலிருந்தும் தெங்கிலிருந்தும் வந்தது. அந்தத் தேயிலையைப் பறித்தவர்களும் றப்பர்ப் பாலை வெட்டியவர்களும் எவர்? ஏற்றுமதித் தீர்வையாகத் திறைசேரிக்குச் சென்ற பணத்தில் அவர்களது வியர்வை இருந்தது. இன்றும் அவர்கள் வாங்கும் சவர்க்காரத்தின் விலையில் விளம்பரச் செலவு அடங்கியுள்ளது. 2024 ஜனவரி முதல் 18 வீதமாக உயர்த்தப்பட்ட பெறுமதி சேர் வரி, செல்வந்தனிடம் அறவிடும் அதே வீதத்தில் கொழுந்து பறிப்பவளிடமும் அறவிடுகிறது. இவற்றுக்கும் மேலாக, லயத்துக் கூரைகளில் டிஷ் அன்டனாக்களைப் பார்க்கிறோம். நாட்சம்பளம் 1,000 ரூபாவாவதற்கு 2021ஆம் ஆண்டு வரை போராட வேண்டியிருந்த மக்கள், தமிழில் ஒரு நாடகம் பார்க்கத் தனியார் கம்பனிக்கு மாதந்தோறும் பணம் கட்டுகிறார்கள். ஆகவே, இம்மக்கள் ஏற்கெனவே செலுத்தியும் எதைப் பெற்றார்கள் என்பதே உண்மையான கேள்வி.

கட்டணத்தை ஆதரிக்கும் நண்பர்களின் வாதத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. நேயன் நேரடியாகப் பணம் கொடுத்தால் ஒலிபரப்பு மந்திரிக்கும் அஞ்சாது, முதலாளிக்கும் அஞ்சாது என்கிறார்கள். இதிலே உண்மை இருக்கிறது. நமது சொந்த அனுபவமே அதற்குச் சான்று.

விளம்பரப் பணத்தில் வாழும் ஒலிபரப்பு எப்படிப்பட்டது? 1950ஆம் ஆண்டு இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தொடங்கிற்று. 1952ஆம் ஆண்டளவில் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியிலிருந்து சினிமாப் பாட்டை விலக்க முற்பட்டபோது, இந்திய நேயர்கள் கொழும்பை நாடினர்; விளம்பரதாரரும் நேயரைத் தொடர்ந்து வந்தனர். தமிழ் வர்த்தக சேவை பாக் நீரிணைக்கு அப்பாலும் புகழ் பெற்றது. மயில்வாகனன் போன்ற அறிவிப்பாளர்களின் குரல் தமிழகத்து வீடுகளில் உறவினர் குரலாயிற்று. அந்தப் பாட்டுகளைக் கேட்டு லயத்து மக்களும் களைப்பு மறந்தார்கள். அந்த மகிழ்ச்சியை நாம் குறை கூறோம். ஆனால் விளம்பரதாரன் வாங்குவது செல்வாக்கும் காசுமுள்ள காதுகளை. வாங்கும் சக்தியற்ற தொழிலாளியின் துயரத்துக்கு அவன் நிகழ்ச்சி நேரம் ஒதுக்கமாட்டான். ஒதுக்கினால் அது அவனுடைய வியாபார தர்மத்துக்கே விரோதம்.

அரசாங்கப் பணத்தில் வாழும் ஒலிபரப்பு எப்படிப்பட்டது? 1966ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தால் வானொலி கூட்டுத்தாபனமாயிற்று. 1982இல் ரூபவாகினியும் கூட்டுத்தாபனமாகவே பிறந்தது. பெயரளவில் இவை திணைக்களங்கள் அல்ல. ஆயினும் 2019 செப்டெம்பரில் ஒரு வர்த்தமானி அறிவித்தலினால் ரூபவாகினி பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. ஜனாதிபதியின் கையெழுத்து ஒன்று, மக்கள் ஸ்தாபனம் எனப்பட்டதைப் பாதுகாப்புத் துறையின் பொறுப்பாக்கிவிட்டது.

எனவே இலவசம் என்பது எப்போதும் இலவசமன்று. வேறொருவன் பணம் கொடுத்து எசமானனாகிறான் என்ற வாதம் வலுவானதே. ஆனால் அதிலிருந்து, எல்லோரும் சமமாகக் கொடுக்கட்டும் என்ற முடிவுக்குப் பாய்வதுதான் தவறு. கொழும்பு மாளிகைக்கும் இறக்குவானை லயத்துக்கும் ஒரே கட்டணம் என்பது சமத்துவமாகாது. முதலாளித்துவ ஜெர்மனியிலேகூட, 2013 முதல் வீடுதோறும் அறவிடப்படும் ஒலிபரப்புக் கட்டணத்திலிருந்து சமூக உதவி பெறுவோர் விலக்குப் பெறலாம். சக்திக்கேற்பக் கொடுத்தல், தேவைக்கேற்பப் பெறுதல் என்ற நியதி ஒலிபரப்புக்கும் பொருந்த வேண்டும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பணம் கொடுத்தவனுக்கே உரிமை என்ற எண்ணம் வளருமானால், கொடுக்க இயலாதவன் பேச்சிழப்பான். இது நம் நாட்டின் நீதிக்கும் முரணானது. 1995இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் முறைசாராக் கல்வி நிகழ்ச்சியொன்றைத் திடீரென நிறுத்தியபோது, அதிற் பங்குகொண்டு வந்த நேயர் ஒருவர் உயர் நீதிமன்றம் சென்றார். பங்குகொள்ளும் நேயரின் பேச்சுச் சுதந்திரம் மீறப்பட்டதென 1996இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவருடைய உரிமை குடிமகன் என்ற நிலையிலிருந்து பிறந்தது. எந்தக் கட்டணச் சீட்டிலிருந்தும் பிறக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் சட்டத்தினாற் குடியுரிமையையே இழந்து, பல தசாப்தங்கள் போராடி அதை மீட்ட மக்களுக்கு இத்தீர்ப்பின் அருமை நன்கு புரியும்.

இனி அந்த உரிமையின் உள்ளடக்கத்தைப் பார்ப்போம். சப்பிரகமுவத் தொழிலாளிக்கு மழை வெறும் வானிலைச் செய்தியன்று. விடியற்காலையில் மழை பெய்தால் பால் வெட்டு இல்லை; அன்றைய கூலியும் நிச்சயமில்லை. மழை தொடர்ந்தால் மலையே இறங்கி வரும். 2016 மே 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடிற்று. அதே நாளிற் புளத்கொஹுபிட்டியில் தோட்ட லயம் மண்ணுக்குட் புதைந்தது. சிங்களக் கிராமத்தவனையும் தமிழ்த் தோட்டத் தொழிலாளியையும் மண் வேறுபடுத்தவில்லை.

மண்சரிவு அபாயத்தைத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படிகளில் பிரதேச செயலாளர் பிரிவுவாரியாக அறிவிக்கிறது. சிவப்பு என்றால் வீட்டைவிட்டு வெளியேற வேண்டும். நள்ளிரவில் மின்சாரம் அறுந்த லயத்தில், பற்றரியில் இயங்கும் வானொலியில், அந்த அறிவிப்பு நல்ல தமிழில், இடப்பெயருடன், திரும்பத் திரும்ப ஒலிக்க வேண்டும். எங்கே ஒதுங்குவது என்பதையும் அது சொல்ல வேண்டும். விளம்பரதாரன் இதற்குப் பணம் தரமாட்டான். டிஷ் அன்டனா வழியே வரும் சென்னைத் தொடர்நாடகம் தெரணியகலை மலையைப் பற்றி எச்சரிக்காது. பொது ஒலிபரப்பு எதற்காக வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதைவிட வேறு விடை தேவையில்லை.

எச்சரிக்கையோடு கடமை தீர்ந்துவிடவும் இல்லை. தைப்பொங்கலன்றும் சம்பளப் போராட்டத்தின்போதும் மட்டும் நினைக்கப்படும் மனிதனாகத் தோட்டத் தொழிலாளி இருத்தல் ஆகாது. அவனுடைய கதையும் பாட்டும் படிப்பும் சட்டப் பிரச்சினையும் ஆண்டு முழுவதும் ஒலிக்க வேண்டும். அவற்றை அவனே பேச வேண்டும். தோட்டத்துப் பேச்சைச் சிரிப்புக்கு மட்டும் பயன்படுத்தும் நாடகம் இலக்கியமாகாது.

எனவே நாம் சொல்வது இது: பொது ஒலிபரப்புக்குச் சமூகம் செலவிடத்தான் வேண்டும். அச்செலவை வருமானத்துக்கேற்ற வரியிலிருந்து, ஆண்டுதோறும் மந்திரியின் தயவை நாடாதபடி சட்டத்தால் உறுதி செய்ய வேண்டும். வறியோரிடம் தனிக் கட்டணம் அறவிடலாகாது. நிர்வாக சபையில் தோட்டத் தொழிலாளரின் பிரதிநிதிகளும் ஆசிரியர்களும் இடம்பெற வேண்டும். சப்பிரகமுவவுக்கென இரு மொழிகளிலும் பிரதேச நிகழ்ச்சியும், இரவு பகலாக இயங்கும் அபாய அறிவிப்பும் வேண்டும்.

தோட்டப் பாடசாலை ஆசிரியர்களும் பல்கலைக்கழக மாணவர்களும் இவ்விஷயத்திற் செய்யக்கூடியது நிறைய உண்டு. எந்தத் தோட்டத்தில் எந்த அலைவரிசை கேட்கிறது, கடந்த மழையில் எச்சரிக்கை எந்த மொழியில் எத்தனை மணிக்கு வந்தது என்பதைக் குறித்து வையுங்கள். அடுத்த பருவமழைக்கு முன் அக்குறிப்புகளோடு ஒலிபரப்பு ஸ்தாபனங்களின் வாசலுக்குச் செல்வோம். சிங்களக் கிராமத்துத் தோழர்களையும் அழைத்துச் செல்வோம். மலை இரு தரப்பாருக்கும் பொது.