மனிதரை மனிதர் உண்ட தடயங்கள்: ஒப்புமையும் வேறுபாடும்

இத்தாலியின் குவாத்தாரி குகையில் 1939-இல் ஒரு நியண்டர்தால் மண்டையோடு கிடைத்தது. அதன் அடிப்புறத் துளை அகலமாக உடைபட்டிருந்தது. மூளையை எடுத்து உண்ட சடங்குக்கு இதுவே சான்று என்றார் ஆய்வாளர் ஆல்பர்தோ கார்லோ பிளாங்க். அந்த விளக்கம் நெடுங்காலம் நிலைத்தது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு டிம் வைட்டும் நிக்கோலஸ் டோத்தும் மண்டையோட்டை மறுபடி ஆராய்ந்தபோது, கற்கருவி பட்ட கீறல் ஒன்றுகூட அதில் இல்லை. அந்தக் குகை கழுதைப்புலிகள் தங்கிய இடம், உடைத்தவையும் அவையே. சீனாவின் பீக்கிங் மனித எச்சங்கள் மீது சுமத்தப்பட்ட நரமாமிசக் குற்றச்சாட்டும் பின்னாளில் இதேபோலக் கழுதைப்புலிகளின் பக்கம் திரும்பியது.

இத்தகைய தவறுகளிலிருந்துதான் நரமாமிசத் தடயங்களை ஆராயும் துறை தன் முறையைக் கற்றுக்கொண்டது. பிரான்சின் ஃபோன்ப்ரெகுவா குகை குறித்து 1986-இல் பாவோலா வில்லாவின் குழு வெளியிட்ட ஆய்வும், அமெரிக்காவின் மான்கோஸ் எலும்புகள் பற்றி வைட் 1992-இல் எழுதிய நூலும் அதற்கு அடித்தளமிட்டன. மனித எலும்பைத் தனியே வைத்துப் பார்க்கக் கூடாது. அதே மண்ணடுக்கில் கிடைத்த விலங்கெலும்புகளோடு ஒப்பிட வேண்டும். தோலுரித்த கீறல், மூட்டைக் கழற்றிய வெட்டு, மஜ்ஜைக்காகப் பிளந்த முறிவு, பல் பதிந்த தடம் ஆகியவை இரண்டிலும் ஒத்திருந்தால், இரண்டும் ஒரே நோக்கத்துக்காக அறுக்கப்பட்டவை. கீறல் மட்டும் போதாது. இறந்தவரின் சதையை நீக்கிவிட்டு எலும்பை அடக்கம் செய்த சமூகங்களும் உண்டு. அவர்களுடைய கத்தியும் எலும்பில் கீறல் விட்டிருக்கும்.

இந்தக் கடுமையான சோதனையைத் தாண்டி நிற்கும் இடங்கள் பல. ஸ்பெயினின் அட்டபுவெர்க்காவில் கிரான் டோலினா குகையிலிருந்து 1994 முதல் வெளிவந்த, ஏறத்தாழ 8 லட்சம் ஆண்டுப் பழமையுள்ள 'ஹோமோ ஆன்டிசெஸர்' என்ற பழைய மனித இனத்தின் எலும்புகள் அவற்றுள் மிகப் பழையவை. பிரான்சின் மௌலா-கெர்சி குகையில் குறைந்தது ஆறு நியண்டர்தால் மனிதரின் எலும்புகளும் மான் எலும்புகளும் ஒரே விதமாக அறுத்துப் பிளக்கப்பட்டிருந்ததை 1999-இல் அல்பான் டெஃப்ளூர் குழு காட்டியது. கென்யாவில் கிடைத்த 14.5 லட்சம் ஆண்டுப் பழமையுள்ள கணைக்கால் எலும்பிலும் கற்கருவிக் கீறல்கள் உள்ளன. ஆனால் அறுத்தவரும் அறுபட்டவரும் ஒரே இனமா என்று தெரியாததால், 2023-இல் அதை அறிவித்த ஆய்வாளர்கள் நரமாமிசம் என்று அறுதியிட்டுச் சொல்லவில்லை. அந்த நிதானம் போற்றத்தக்கது.

உண்டார்கள் என்பது உறுதியானால், ஏன் உண்டார்கள்? முதலில் தோன்றும் விடை பசி. 2017-இல் ஆய்வாளர் ஜேம்ஸ் கோல் இதைக் கணக்கிட்டுப் பார்த்தார். வளர்ந்த ஓர் ஆணின் தசையில் சுமார் 32,000 கிலோகலோரி இருக்கும். ஒரு குதிரையின் தசையிலோ சுமார் 2 லட்சம். எதிர்த்துப் போராடவும் சேர்ந்து தாக்கவும் தெரிந்த மனிதரை வேட்டையாடும் உழைப்புக்குக் கிடைக்கும் இறைச்சி ஈடாகாது. ஆனால் ஏற்கெனவே இறந்துவிட்டவரை உண்ண வேட்டை எதற்கு? ஆகவே பஞ்ச காலத்தை இந்தக் கணக்கால் முற்றிலும் மறுத்துவிட முடியாது. பசி ஒன்றே எல்லா இடத்துக்கும் விடை என்ற எளிய நம்பிக்கையை மட்டும் இது தளர்த்துகிறது.

அந்த நம்பிக்கையை மேலும் அசைப்பது இங்கிலாந்தின் சோமர்செட்டில் உள்ள காஃப் குகை. ஏறத்தாழ 14,700 ஆண்டுகளுக்கு முன் அங்கே தங்கியவர்களுக்குக் குதிரையும் மானும் கிடைத்தன. இருந்தும் மனித எலும்புகளிலும் வெட்டுகளும் மனிதப் பற்களின் தடங்களும் காணப்படுகின்றன. சில்வியா பெல்லோ, சைமன் பார்ஃபிட், கிறிஸ் ஸ்ட்ரிங்கர் மூவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மூன்று மண்டையோடுகளின் முகப்பகுதியும் அடிப்பகுதியும் நீக்கப்பட்டு, விளிம்பு கவனமாகத் தட்டிச் சீராக்கப்பட்டுக் கிண்ணமாக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று மூன்று வயதுக் குழந்தையுடையது. 2017-இல் அறிவிக்கப்பட்ட ஒரு முன்கை எலும்பில் கோணல்மாணலான கோடுகள் பொறிக்கப்பட்டிருந்தன. சதையை நீக்கிய பின், மஜ்ஜைக்காக உடைக்கும் முன், யாரோ நேரம் செலவிட்டு அவற்றைப் பொறித்திருக்கிறார்கள். பசியில் தவித்த கை அப்படி நின்று கோடு இழுக்காது. இது இறந்தவருக்குச் செய்த இறுதிச் சடங்கின் பகுதியாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

என் பார்வையில் இத்துறை கற்றுத்தரும் தலையாய பாடம் இங்கேதான் இருக்கிறது. மனித எலும்பும் விலங்கெலும்பும் எங்கே ஒத்திருக்கின்றனவோ அங்கே உண்டது உறுதியாகிறது. எங்கே வேறுபடுகின்றனவோ அங்கே அதன் பொருள் தெரியத் தொடங்குகிறது. அந்தப் பொருள் எங்கும் ஒன்றல்ல. பப்புவா நியூகினியின் ஃபோரே மக்கள் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இறந்த உறவினரை உண்டது துக்கத்தின் கடமையாக. குரு என்ற கொடிய மூளைநோய் அதன்வழி பரவியது. அட்டபுவெர்க்காவின் எல் மிராடோர் குகையில் ஏறத்தாழ 5,700 ஆண்டுகளுக்கு முன் உண்ணப்பட்ட குறைந்தது 11 பேரோ, அருகருகே வாழ்ந்த குழுக்களின் மோதலில் பலியானவர்கள் என்று 2025-இல் வெளியான ஆய்வு கருதுகிறது. முன்னதில் உண்ணப்பட்டவர் உறவினர், பின்னதில் பகைவர். எலும்பில் விழும் கத்திக்கீறலோ இரண்டையும் ஒன்றுபோலவே காட்டும்.

இந்த வேறுபாட்டைப் பிரித்தறிவது ஆய்வறிவுக்கு மட்டுமல்ல, நீதிக்கும் தேவை. மனிதரை உண்பவர் என்று சொல்லப்பட்ட கரீபியப் பழங்குடிகளைப் பிடித்து அடிமையாக்க ஸ்பெயின் அரசி இசபெல்லா 1503-இல் அனுமதி தந்தார். குற்றச்சாட்டே உரிமமாயிற்று. நேரில் கண்ட நம்பத்தகுந்த சாட்சியம் எங்கே என்று 1979-இல் மானிடவியலாளர் வில்லியம் ஆரென்ஸ் எழுப்பிய கேள்விக்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது. அந்த வழக்கமே எங்கும் இருந்ததில்லை என்று ஐயுறும் எல்லைவரை அவர் போனதை இன்றைய எலும்புகள் ஏற்கவில்லை. ஆனால் சான்று கேட்ட அவருடைய குரலுக்கு இத்துறை கடன்பட்டிருக்கிறது.

ஆகவே நரமாமிசத் தடயத்தைக் கண்டதும் 'காட்டுமிராண்டிகள்' என்று முடித்துவிடுவது குவாத்தாரியில் நடந்த தவறை வேறொரு வடிவில் மறுபடி செய்வதாகும். அன்று விலங்கு செய்ததை மனிதர் மேல் ஏற்றினோம். இன்று மனிதர் செய்ததை விலங்குத்தனம் என்று தள்ளிவிடப் பார்க்கிறோம். துக்கமும் பகையும் பஞ்சமும் மனிதருடையவையே. இவற்றுள் எது ஓர் உடலை உணவாக்கியது என்று ஒவ்வொரு குகையிலும் புதிதாகக் கேட்பதே அந்த இறந்தவர்களுக்கும் உண்டவர்களுக்கும் நாம் செய்யக்கூடிய நியாயம்.