பதின்மூன்று வயதில் போடும் பட்டியல்

2024 செப்டம்பரில் சென்னை நேரு விளையாட்டரங்கில் தெற்காசிய ஜூனியர் தடகளப் போட்டி நடந்தது. தென்காசி மாவட்டம் கல்லூத்தைச் சேர்ந்த அபிநயா ராஜராஜன் 100 மீட்டரை 11.77 நொடியில் ஓடித் தங்கம் வென்றார். அது புதிய போட்டிச் சாதனை. 2025 மே இறுதியில் தென்கொரியாவின் குமியில் நடந்த ஆசியத் தடகளத்தில் வெள்ளி வென்ற இந்தியப் பெண்கள் 4×100 மீட்டர் அணியிலும் அவர் இருந்தார். ஜூனியர் நேரத்தை வைத்து ‘இந்தப் பெண் மேலே வருவாள்’ என்று போடும் கணக்கு பலித்த இடம் இது. அதனாலேயே, அந்தக் கணக்கு எதை நம்பிப் போடப்படுகிறது, எங்கே பிசகுகிறது என்று பார்க்க இதுதான் நல்ல நேரம்.

பள்ளிகளின் குறுவட்டப் போட்டி முடிந்த மாலையிலேயே பி.டி. ஆசிரியர்களின் மனதில் ஒரு பட்டியல் உருவாகிவிடும். வருவாய் மாவட்டத்தில் யார் ஜெயிப்பார், மாநிலத்துக்கு யார் போவார், விளையாட்டு விடுதிக்கு யாரை அனுப்பலாம் என்று. இந்த வழக்கத்தை நான் மதிக்கிறேன். பெரிய மனுஷியான மகளை மைதானத்துக்கு அனுப்பத் தயங்கும் வீட்டில், ‘ஒங்க பிள்ள ஸ்டேட்டுக்குப் போவா’ என்று ஆசிரியர் நேரில் வந்து சொல்லும் ஒரு சொல்லுக்கு எடை உண்டு. பீடி சுற்றும் தாயின் மகளா, வசதியான வீட்டுப் பிள்ளையா என்று ஸ்டாப்வாட்ச் பார்ப்பதில்லை. சிபாரிசால் ஆள் எடுக்கும் எந்த முறையையும்விட இது நேர்மையானது.

ஆனால் அந்த நேரம் எவ்வளவு சுத்தமானது? ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக இறங்கும் காற்றைத் தென்காசிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சுரண்டைப் பக்கம் காற்றாலைகள் நிற்பது அதை நம்பித்தான். 100 மீட்டரில் முதுகுப்பக்கக் காற்று நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் அந்த நேரம் சாதனைக் கணக்கில் சேராது. அதாவது மணிக்கு 7.2 கிலோமீட்டர்; ஆனி, ஆடி சீசன் நாளில் அது ஒரு காற்றே இல்லை. அந்த எல்லைக்குள் அடிக்கும் காற்றே ஏறத்தாழ பத்தில் ஒரு நொடியைக் குறைத்துத் தரும். கிழக்கு நோக்கி ஓடும் மைதானத்துப் பிள்ளையும் மேற்கு நோக்கி ஓடும் மைதானத்துப் பிள்ளையும் ஒரே நேரம் எடுத்தால், இருவரும் சமம் என்று எழுதுவது அநியாயம். போதாததற்குக் கையால் எடுக்கும் நேரம் வேறு. மின்னணு நேரத்தோடு ஒப்பிட 0.24 நொடி கூட்ட வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. பள்ளிப் போட்டியில் முதல் இடத்துக்கும் நான்காம் இடத்துக்கும் இடைவெளி பல சமயம் அவ்வளவுதான். காற்றுமானி இல்லாத ஊரில் குறைந்தபட்சம் காற்றின் திசையையாவது நேரத்துக்குப் பக்கத்தில் எழுதிவைக்கலாம்.

இதைவிட ஆழமான பிசகு உடலில் இருக்கிறது. பெண் பிள்ளைகள் வேகமாக உயரும் காலம் சராசரியாகப் பன்னிரண்டு வயதை ஒட்டி வருகிறது. பத்து வயதிலேயே வளரத் தொடங்கியவள் பதினான்கு வயதுக்குட்பட்டோர் பிரிவில் எல்லோரையும் முந்துவாள். தாமதமாக வளர்பவள் அதே பிரிவில் கடைசியாக வந்து, பதினாறில் அவளைத் தாண்டக்கூடும். ஜனவரியில் பிறந்தவளும் டிசம்பரில் பிறந்தவளும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாம் திறமையை அளப்பதாக நினைத்துப் பல நேரம் பருவத்தைத்தான் அளக்கிறோம்.

இந்தச் சிக்கலை உலகமே பார்க்கக் காட்டிய விளையாட்டு ஃபிகர் ஸ்கேட்டிங். அங்கே நிலைமை தலைகீழ். வளர்ச்சி வராத ஒல்லியான உடல்தான் காற்றில் வேகமாகச் சுழலும். 2017 உலக ஜூனியர் போட்டியில் பெண்கள் பிரிவில் ரஷ்யாவின் அலினா ஜாகிடோவா தங்கம், ஜப்பானின் மரின் ஹோண்டா வெள்ளி, அதே நாட்டின் கவோரி சகமோட்டோ வெண்கலம். ஜாகிடோவா மறு ஆண்டே பதினைந்து வயதில் ஒலிம்பிக் தங்கம் வென்றார், 2019 டிசம்பரில் போட்டிகளிலிருந்து ஒதுங்கினார். 2017-க்கு முந்தைய ஆண்டின் ஜூனியர் சாம்பியனான ஹோண்டா ஒலிம்பிக்கை எட்டவே இல்லை. மூன்றாவதாக நின்ற சகமோட்டோதான் 2022, 2023, 2024 என்று தொடர்ந்து மூன்று முறை உலக சாம்பியன். மேடையில் நின்ற மூவரும் மேலே வருவார்கள் என்று கணித்தவர் பாதி சரி. யார் நிலைப்பார் என்று கணித்தவர் முழுக்கத் தவறியிருப்பார். 2022 ஜூனில் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் சீனியர் வயதைப் படிப்படியாகப் பதினேழுக்கு உயர்த்தியது. சிறுமிகளின் உடல்நலத்தை நினைத்து எடுத்த அந்த முடிவு எனக்குச் சரியாகவே படுகிறது.

நம் நாட்டு உதாரணம் ஹிமா தாஸ். 2018 ஜூலையில் பின்லாந்தின் தாம்பரேயில் இருபது வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் 400 மீட்டரை 51.46 நொடியில் ஓடித் தங்கம். அடுத்த மாதமே ஆசிய விளையாட்டில் 50.79, வெள்ளி. அந்த 50.79-ஐ அவர் பிறகு தாண்டவில்லை. முதுகுக் காயம் வந்தது, டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி கிட்டவில்லை. அவரைக் கணித்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு பெண்ணின் முதுகு எத்தனை ஆண்டு தாங்கும் என்பது எந்த நேரப் பதிவிலும் எழுதியிருக்காது.

என்னை மிகவும் உறுத்துவது வேறு. பட்டியலில் இருப்பவளுக்கு விடுதி, சத்தான சாப்பாடு, ஸ்பைக்ஸ், சிந்தடிக் டிராக் எல்லாம் கிடைக்கிறது. இல்லாதவளுக்கு மைதானமே போய்விடுகிறது. நான்கு வருடம் கழித்து முதலாமவள் ஜெயிக்கும்போது கணிப்பு பலித்ததாகச் சொல்கிறோம். இரண்டாமவளை யாரும் ஓடவைத்துப் பார்க்கவில்லையே! கணிப்பு சரியா தவறா என்று சோதிக்க இருந்த ஒரே சாட்சியைக் கணிப்பே வீட்டுக்கு அனுப்பிவிட்டது. பையனாக இருந்தால் தெருவிலாவது ஓடிக்கொண்டிருப்பான். பதின்மூன்று வயதில் விடுபட்ட பெண்ணுக்கு அதுவும் கிடையாது.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளில் 7, 8, 9 வகுப்புகளோடு பதினொன்றாம் வகுப்பிலும் சேர்க்கை உண்டு. தாமதமாக மலர்பவளுக்கு அந்தப் பதினொன்றாம் வகுப்பு இடம்தான் வாசல். ஆனால் இடையில் இரண்டு வருடம் ஓடாதவள் அந்த வாசல்வரை எப்படி வருவாள்? குறுவட்டத்தில் முதல் மூன்று இடத்துக்கு வராத பெண்களையும் வருடத்துக்கு இருமுறை, சீசன் காற்று அடங்கிய மாதங்களில், அதே மைதானத்தில் அதே திசையில் ஓடவைத்து நேரம் குறித்தால் போதும். பிறந்த மாதம், உயரம், அந்த ஆறு மாதத்தில் குறைந்த நொடி ஆகிய மூன்றையும் பக்கத்தில் எழுதுங்கள். 13.9-லிருந்து 13.2-க்கு வந்தவள், 12.8-லேயே நிற்பவளைவிட முன்னால் அந்தப் பட்டியலில் ஏற வேண்டியவள்.