வாசலுக்கு மேலே ஒரு வசனம்

புதுச்சேரி ரயில் நிலையத்தில் இறங்கித் தெற்கு புல்வாரில் கொஞ்ச தூரம் நடந்தால் தூய இருதய ஆண்டவர் பசிலிக்கா வந்துவிடும். வருகிறவர்கள் கோபுரங்களைப் படம் எடுப்பார்கள், உள்ளே போய் வண்ணக் கண்ணாடிகளை அண்ணாந்து பார்ப்பார்கள், மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத் திரும்புவார்கள். நான் உங்களை வாசலிலேயே நிறுத்தப் போகிறேன். தலைவாசலுக்கு மேலே லத்தீனில் ஒரு பைபிள் வசனம் இருக்கிறது. நீங்கள் கிறிஸ்தவராக இருந்தாலும் இல்லாவிட்டாலும், பைபிளை ரசித்து வாசிக்கப் பழக இந்த ஊரில் அதைவிட நல்ல இடம் கிடையாது.

ஓர் இடத்தைத் தமக்கென்று புனிதமாக்கியதையும், தம் பெயர் அங்கே என்றும் நிலைக்கும் என்பதையும் கடவுள் சொல்கிற வசனம் அது. 1907-ல் அர்ச்சிக்கப்பட்ட கோயிலின் நெற்றியில் அது நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் அந்த வார்த்தை முதலில் சொல்லப்பட்டது எருசலேமில். சாலமோன் ஆலயத்தைக் கட்டி முடித்த பிறகு, ஓர் இரவில் கடவுள் அவருக்குத் தோன்றிப் பேசுகிறார். குறிப்பேடு இரண்டாம் நூல், 7-ஆம் அதிகாரம், 16-ஆம் வசனம். இயேசு பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய யூத மறைநூல் அது.

வீட்டுக்குப் போய் அந்த அதிகாரத்தை முழுக்க வாசியுங்கள். இங்கேதான் ருசி தொடங்குகிறது. 19-ஆம் வசனத்தில் குரல் மாறுகிறது. மக்கள் வழிதவறிப் போனால் இதே ஆலயத்தைக் கைவிட்டுவிடுவதாகவும், அதைக் கடந்துபோகிறவர்கள் ஏன் இப்படி ஆனது என்று திகைத்து நிற்பார்கள் என்றும் கடவுள் எச்சரிக்கிறார். வாசலில் வாக்குறுதி மட்டும் இருக்கிறது, எச்சரிக்கை நூலுக்குள் இருக்கிறது. இன்னும் ஒன்று: இந்த நூல் எழுதப்பட்ட காலத்தில் சாலமோனின் ஆலயம் ஏற்கெனவே இல்லை. கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் பாபிலோனியர் அதை எரித்துவிட்டார்கள். ஆலயம் எரிந்த கதை தெரிந்த ஒருவர்தான் ‘என்றும்’ என்று எழுதியிருக்கிறார். இதை அறிந்துகொண்டு மறுபடி அந்த வாசலில் போய் நின்று பாருங்கள். எனக்கு அந்தச் சொல் முன்பு இருந்ததைவிடப் பல மடங்கு கனத்துப் போனது.

அடுத்து, அந்த நூல் எந்த இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கிறிஸ்தவர்களின் பழைய ஏற்பாட்டில் குறிப்பேடு நடுவே, வரலாற்று நூல்களோடு கிடக்கிறது. அச்சிட்ட யூத மறைநூல்களில் பெரும்பாலும் அதுவே கடைசி நூல். தோரா, இறைவாக்கினர், எழுத்துகள் என்று மூன்று பகுதிகளாக வரும் 24 நூல்களின் முடிவில், பாரசீக மன்னர் சைரஸ் யூதர்களை எருசலேமுக்குத் திரும்பிப் போகலாம் என்று அனுமதிக்கிற இடத்தில் மறைநூல் நிறைவடைகிறது. கிறிஸ்தவ வரிசையோ பெரும்பாலும் மலாக்கியில் முடிகிறது. எலியா திரும்பி வருவார் என்ற எதிர்பார்ப்போடு பக்கத்தைப் புரட்டினால் மத்தேயு, சில பக்கங்களில் திருமுழுக்கு யோவான். திருக்குறளில் இன்பத்துப்பாலை முதலில் வைத்து அறத்துப்பாலில் முடித்தால் வள்ளுவர் வேறு மனிதராகத் தெரிவார் அல்லவா? ஒரு வரிசையில் கதை ஊர் திரும்புதலில் முடிகிறது, மற்றதில் ஒருவருக்காகக் காத்திருக்கிறது. யூதர்களின் 24 நூல்களைத்தான் சீர்திருத்தச் சபையார் பிரித்து 39 என்று எண்ணுகிறார்கள். கத்தோலிக்கர் தோபித்து, யூதித்து, மக்கபேயர் முதலியவற்றையும் சேர்த்து 46 என்கிறார்கள். ‘பழைய ஏற்பாடு’ என்பது கிறிஸ்தவர்கள் இட்ட பெயர். யூதர்களுக்கு அது பழையதும் இல்லை, பாதியும் இல்லை.

அதே குறிப்பேட்டில் 3-ஆம் அதிகாரத்தின் முதல் வசனம், சாலமோன் ஆலயம் கட்டிய மலையின் பெயரைச் சொல்கிறது: மோரியா. எபிரேய மறைநூல் முழுவதிலும் இந்தப் பெயர் இன்னொரு இடத்தில்தான் வருகிறது. தொடக்க நூல் 22-ஆம் அதிகாரம். ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிட அழைத்துப் போவது அங்கேதான். யூதர்கள் இந்தக் கதையைக் ‘கட்டுதல்’ என்பார்கள், பையன் கட்டப்பட்டான், கொல்லப்படவில்லை என்பதால். அவர்களுடைய புத்தாண்டின் இரண்டாம் நாள் தொழுகைக்கூடத்தில் இதை வாசிக்கிறார்கள். கத்தோலிக்கர்கள் இதைக் கேட்பது பாஸ்கா திருவிழிப்பு இரவில். விறகைத் தானே சுமந்து மலையேறும் மகனிடம் அவர்கள் சிலுவை சுமந்த மகனைக் காண்கிறார்கள். ஒரே அதிகாரம் இரண்டு முழு வழிபாடுகளாக வளர்ந்திருக்கிறது. யூத வாசிப்பைக் கிறிஸ்தவ வாசிப்புக்கு வெறும் முன்னுரையாக நினைப்பது பெரிய இழப்பு என்பது என் உறுதியான எண்ணம். இரண்டையும் தனித்தனியே கேளுங்கள்.

யூதர்கள் வாசிக்கும் முறை தமிழருக்கு அந்நியமே அல்ல. பக்கத்தின் நடுவே மூலம், சுற்றிலும் உரைகள். நாம் பரிமேலழகரோடு சேர்த்துக் குறளை வாசிப்பதுபோல அவர்கள் ராஷியோடு சேர்த்துத் தோராவை வாசிக்கிறார்கள். ராஷி 11-ஆம் நூற்றாண்டுக்காரர், பிரான்சின் துருவா நகரத்தவர். கடினமான எபிரேயச் சொல் வந்தால் அன்றைய பிரெஞ்சுச் சொல்லை எபிரேய எழுத்தில் எழுதிப் பொருள் சொல்லிவிடுவார். பிரெஞ்சுப் பேச்சு இன்னும் காதில் விழுகிற நம் ஊரில் இதைச் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. இருவர் எதிரெதிரே உட்கார்ந்து, உரக்க வாசித்து, கேள்வி கேட்டு, மறுத்துப் பேசிப் படிப்பது அவர்கள் மரபு. நீங்களும் ஒரு நண்பரைப் பிடித்துக்கொள்ளுங்கள், மௌன வாசிப்பில் தவறிப்போகிற பலவும் பேச்சில் அகப்படும்.

குறிப்பேட்டை மூடுவதற்கு முன் 9-ஆம் அதிகாரத்தையும் பாருங்கள். சாலமோனின் கப்பல்கள் பொன், வெள்ளி, தந்தம், குரங்குகளோடு ‘துக்கீம்’ என்றொன்றையும் கொண்டுவருகின்றன. மயில்கள் என்று பெரும்பாலும் பொருள் கொள்கிறார்கள். அந்தச் சொல்லில் நம் ‘தோகை’ ஒளிந்திருப்பதாகக் கால்டுவெல் எடுத்துக்காட்டினார்.

எந்தத் தமிழ்ப் பைபிளை வாங்குவது? இரண்டு வாங்குங்கள் என்பேன்: பரிசுத்த வேதாகமம், திருவிவிலியம். முதலாவதின் கதை நம் ஊரைத் தொட்டுப் போகிறது. 1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது இங்கிருந்த அச்சுக்கூடத்தைச் சென்னைக்கு எடுத்துப் போனார்கள். அது வேப்பேரியில் மிஷனரி பாப்ரிசியுஸ் ஐயரிடம் போய்ச் சேர்ந்தது. 1772-ல் அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு வேப்பேரியில் வெளிவந்தது. சீர்திருத்தச் சபைகளின் பரிசுத்த வேதாகமம் அவர் போன்றோரின் தமிழில் ஊறியது. கத்தோலிக்கரும் மற்றச் சபையினரும் சேர்ந்து உழைத்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 1995-ல் வந்தது. அதை வெளியிட்ட நடுநிலையம் பக்கத்துத் திண்டிவனத்தில்தான் இருக்கிறது. ஒன்றில் நாளாகமம், மற்றதில் குறிப்பேடு. ஒன்றில் சங்கீதம், மற்றதில் திருப்பாடல். சர்வேசுரன், பராபரன், தேவன், கடவுள் என்று ஒரே பொருளுக்குத் தமிழ் தேடிய சொற்களைத் தொடர்ந்து போனாலே முந்நூறு ஆண்டுத் தமிழ் உரைநடையின் வரலாறு கண்ணில் படும்.

இறுதியாக, காதால் கேளுங்கள். பைபிள் பெரும்பகுதி உரக்க வாசிப்பதற்கென்றே அமைந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முதல் வாசகம் பெரும்பாலும் பழைய ஏற்பாட்டிலிருந்து வரும், பிறகு திருப்பாடல், திருமுகம், கடைசியில் நற்செய்தி. முதல் வாசகத்தை நற்செய்தியோடு இணைக்கும் இழை எது என்று தேடிக்கொண்டே கேட்டால் நேரம் போவதே தெரியாது. துய்மா வீதியின் கப்ஸ் கோயிலில் பிரெஞ்சிலும் தமிழிலும் பூசை உண்டு. ஒரே திருப்பாடலை இரண்டு மொழியிலும் கேட்க வாய்த்தால் விட்டுவிடாதீர்கள்.

வரும் சனிக்கிழமை இரவு குறிப்பேடு இரண்டாம் நூலின் 7-ஆம் அதிகாரத்தை ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள், 22 வசனங்கள்தான். மறுநாள் காலை பூசைக்குக் கால் மணி நேரம் முன்னதாகப் பசிலிக்காவுக்குப் போய், உள்ளே நுழையுமுன் தலைநிமிர்ந்து பாருங்கள்.