மூன்ரைஸ், ஹெர்னாண்டஸ், நியூ மெக்சிகோ

மூன்ரைஸ், ஹெர்னாண்டஸ், நியூ மெக்சிகோ (1941) அமெரிக்க நிலக்காட்சிப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் எடுத்த கறுப்பு வெள்ளைப் புகைப்படம். சூரியன் மறையும் வேளையில் ஒரு சிற்றூரின் மேல் நிலவு எழுந்து நிற்பதைக் காட்டுவது. கிராமத்து அந்தியை எடுத்த படங்களில் அதிகம் பேசப்பட்டவற்றுள் ஒன்று. ஆனால் இன்று பரவலாகக் காணக்கிடைக்கும் அச்சுகளில் தெரிவது அந்தி அல்ல, இரவு.

எடுக்கப்பட்ட சூழல்

ஆன்சல் ஆடம்ஸ் தன் மகன் மைக்கேல், நண்பர் செட்ரிக் ரைட் ஆகியோருடன் காரில் திரும்பிக்கொண்டிருந்தபோது சாலையோரத்தில் இக்காட்சியைக் கண்டு நிறுத்தினார். பத்துக்கு எட்டு அங்குல ஃபிலிம் கொண்ட பெரிய கேமராவைப் பொருத்தியபின் லைட் மீட்டர் கைக்கு அகப்படவில்லை. முழுநிலவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவருக்கு நினைவிலிருந்தது. அதை வைத்துக் கணக்கிட்டு, அடர்மஞ்சள் ஃபில்டர் இட்டு, எஃப் 32 துளையில் ஒரு விநாடி ஒளி கொடுத்தார். இரண்டாவது படத்துக்காக ஃபிலிம் பெட்டியைத் திருப்புவதற்குள் கல்லறைச் சிலுவைகளின் மேலிருந்த வெயில் போய்விட்டது.

படம் எடுத்த ஆண்டை அவர் வெவ்வேறு இடங்களில் வெவ்வேறாகக் குறிப்பிட்டார். நிலவின் இடத்தைக் கொண்டு டென்னிஸ் டி சிக்கோ 1991-ல் செய்த வானியல் கணிப்பின்படி, அது 1941 நவம்பர் 1 மாலை 4 மணி 49 நிமிடம்.

காட்சி அமைப்பு

படத்தின் பாதிக்கு மேல் வானம். அதன் கீழே ஒரு பட்டையாக மேகம், பனி படிந்த மலைகள். அடியில் மண்கல் வீடுகள், ஒரு தேவாலயம், அதையொட்டிய கல்லறைத் தோட்டத்தின் வெண்சிலுவைகள். மனிதர் எவரும் இல்லை. இவ்வூர் மக்களைப் பற்றிப் படம் ஏதும் சொல்லவில்லை என்று குறை சொல்லலாம். ஆனால் இங்கே வாழ்ந்து மறைந்தவர்கள் சிலுவைகளாக நிற்கிறார்கள். கடைசி வெயில் அவர்கள்மேல்தான் விழுகிறது.

அச்சுகள்

நெகடிவை இசைக்குறிப்பாகவும் அச்சை அதன் நிகழ்த்துதலாகவும் கருதியவர் ஆடம்ஸ். இளமையில் பியானோ பயின்றவர். இந்த நெகடிவில் வீடுகள் இருந்த கீழ்ப்பகுதிக்குப் போதிய ஒளி கிடைத்திருக்கவில்லை. 1948-ல் அப்பகுதியை மட்டும் வேதிக்கரைசலில் செறிவூட்டினார். பின்வந்த ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அச்சுகளை எடுத்தார். தொடக்ககால அச்சுகளில் வானம் சாம்பல் நிறம், மேலே மெல்லிய மேகக்கீற்றுகளும் உண்டு. பிற்கால அச்சுகளில் இருட்டறையில் மேல்பகுதிக்குக் கூடுதல் ஒளி கொடுத்து வானத்தை ஏறக்குறைய முழுக் கறுப்பாக்கினார்.

மதிப்பீடு

கருவானம் படத்துக்கு வலிமை சேர்த்தது என்பதில் ஐயமில்லை. சிதறிய மேகங்கள் நீங்கியதும் நிலவு, மேகப்பட்டை, ஊர் என மூன்றே அடுக்குகள் மிஞ்சுகின்றன. சுவரில் மாட்டிய பெரிய அச்சு தூரத்திலிருந்தே பார்ப்பவரை நிறுத்திவிடுகிறது.

ஆனால் இழப்பும் உண்டு. நிலவு சிலுவைகளுக்குப் பின்னால், கிழக்கில் நிற்கிறது. சிலுவைகளின் முகப்பு ஒளிர்வது கேமராவுக்குப் பின்னால், மேற்கில் சாயும் சூரியனால். வானம் கறுத்துவிட்டால் இந்த ஒளிக்குக் காரணம் தெரியாமல் போகிறது. பார்ப்பவர் அதை நிலவொளி என்றே எடுத்துக்கொள்ளக்கூடும். நிலவொளி இரவு முழுக்க நீடிப்பது. அந்த வெயிலோ அடுத்த ஃபிலிமுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. சூரியன் போவதும் நிலவு வருவதும் ஒரே சட்டத்துக்குள் நிகழ்வதே இப்படத்தின் சாரம். முந்தைய அச்சுகளில் அது கண்ணுக்குத் தெரிகிறது. பிந்தையவற்றில் அதை அறிந்தவர்தான் காண முடியும்.

அந்தி ஒளியில் எடுக்கும் படங்களுக்கு இது ஒரு பாடம். அந்தியின் அழகு இருளில் இல்லை, பகல் இன்னும் மிச்சமிருப்பதில் இருக்கிறது. மாறுபாட்டைக் கூட்டக்கூட காட்சி கம்பீரமாகும், பொழுது கைநழுவும். ஆடம்ஸின் பிற்கால அச்சு மகத்தான படம். ஆனால் அன்றைய மாலை முந்தைய அச்சிலேயே இருக்கிறது. இப்படத்தைப் பயில்பவர்கள் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது.